கடன் மறுசீரமைப்பில் டேட்டா ரூம்: பூட்டும் பதிவேடும்

கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் ஒரு நிறுவனம் தடுமாறத் தொடங்கியதும், அதற்குக் கடன் கொடுத்தவர்கள் மனத்தில் பணத்தைப் பற்றிய கவலைக்கு இணையாக இன்னொரு கேள்வியும் எழுகிறது: ‘எங்களுக்குச் சொல்லாத எதையாவது மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?’ பிணையம் வைத்திருக்கும் வங்கிகள், பிணையம் இல்லாத கடன் பத்திரதாரர்கள், சரக்கு அனுப்பிவிட்டுப் பாக்கிக்காகக் காத்திருக்கும் சப்ளையர்கள், புதிதாகப் பணம் போடலாமா என்று யோசிக்கும் முதலீட்டாளர்கள் என்று எல்லோரும் ஒரே நிறுவனத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால், எல்லோருக்கும் போதுமான பணம் அங்கே இல்லை. ஒருவருக்குக் கூடுதலாகப் போவது இன்னொருவருக்குக் குறைவது. இந்தச் சூழலில் நிறுவனத்தின் உள் ஆவணங்களை இவர்கள் அனைவர் முன்னாலும் திறந்து வைக்கும் இணையவழிக் களம்தான் டேட்டா ரூம்.

இந்த ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதும் யாருக்கு எது திறக்கலாம் என்று தீர்மானிப்பதும் என் வேலையில் கணிசமான பகுதி. டேட்டா ரூம்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குறியாக்கத்திலும் பூட்டுகளிலும் நின்றுவிடுகிறார்கள். மறுசீரமைப்பில், அதாவது கடனின் நிபந்தனைகளை எல்லாத் தரப்பும் பேசி மாற்றியமைக்கும் வேலையில், அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்: யார், எப்போது, எதை அறிந்தார்கள் என்பதற்கு எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே சாட்சி அதுதான். பூட்டு சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பூட்டு எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. யாருக்கு எது எப்போது திறந்தது என்ற பதிவேட்டை நம்பகமாக நடத்துவதற்குத்தான் ஆளும் பொறுமையும் தேவைப்படுகின்றன.

ஒரு நிறுவனத்தை விற்கும்போது பயன்படும் டேட்டா ரூமுக்கும் மறுசீரமைப்பில் பயன்படும் டேட்டா ரூமுக்கும் மென்பொருள் ஒன்றேதான். ஆனால் நிலைமை வேறு. விற்பனையில் ஆவணங்களைப் பல மாதங்கள் சேகரித்து, அடுக்கி, சரிபார்த்த பிறகே வாங்குபவரை உள்ளே விடுகிறார்கள். வாங்குபவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் எழுந்து போய்விடலாம். மறுசீரமைப்பில் கடன் கொடுத்தவர் ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டவர்; எழுந்து போக அவருக்கு வழியில்லை, கடனைத் தள்ளுபடி விலைக்கு வேறொருவரிடம் விற்றால் தவிர. சேகரிக்க நேரமும் இருக்காது. நிதித்துறை ஊழியர்களில் திறமையானவர்கள் முன்கூட்டியே வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். வாரா வாரம் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இங்கே டேட்டா ரூம் என்பது முடிக்கப்பட்ட ஆவணக் காப்பகமாக இருக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தகவல் ஓட்டத்தை ஒழுங்குக்குள் வைத்திருக்கும் ஏற்பாடாகத்தான் இருக்க முடியும்.

காகிதக் காலத்தில் இது உண்மையிலேயே ஓர் அறை. வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு உள்ளே போக வேண்டும். நகல் எடுக்க அனுமதி இருக்காது. ஒரு தரப்பு வெளியே வந்த பிறகே அடுத்த தரப்பு உள்ளே போகும். 1990களின் பிற்பாதியில், பல வங்கிகள் சேர்ந்து கொடுக்கும் கூட்டுக் கடன்களின் ஆவணங்களை இணையத்தில் பகிர்வதற்கான சேவைகள் வந்தன. பிறகு நிறுவன விற்பனைகளுக்கும், அதன் வழியாக மறுசீரமைப்புகளுக்கும் அவை பரவின. கடன் கொடுப்பவர்களின் தேவைக்காகப் பிறந்த கருவி, கடன் கெட்டுப்போகும்போது அவர்களிடமே திரும்பி வந்தது என்று சொன்னால் தவறாகாது.

பல கடன் தரப்புகள் உள்ள மறுசீரமைப்புகளில் தகவல் எப்படிப் பகிரப்பட வேண்டும் என்பதற்கு நல்ல முன்னோடி ஒன்று உண்டு. 1970களிலிருந்து பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் நிழலில் உருவான ‘லண்டன் அணுகுமுறை’ என்ற எழுதப்படாத நடைமுறை, கடன் கொடுத்தவர்கள் சிறிது காலம் வசூல் நடவடிக்கை எடுக்காமல் கைகட்டி நிற்க வேண்டும், அந்தக் காலத்தில் கிடைக்கும் தகவல் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. அதன் தொடர்ச்சியாக, திவால் துறை நிபுணர்களின் சர்வதேச அமைப்பான இன்சால் 2000ஆம் ஆண்டில் எட்டுக் கோட்பாடுகளை வெளியிட்டது. 2017இல் அவற்றின் இரண்டாம் பதிப்பு வந்தது. ஐந்தாவது கோட்பாடு, தொடர்புடைய கடன் கொடுத்தவர்களுக்கும் அவர்களின் ஆலோசகர்களுக்கும் நிறுவனம் உரிய நேரத்தில் தகவல் அளிக்க வேண்டும் என்கிறது. ஏழாவது, அப்படிப் பெற்ற தகவல் தொடர்புடைய கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றும், ஏற்கெனவே பொதுவில் இல்லாத பட்சத்தில் அது ரகசியமாகவும் வைக்கப்பட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. எல்லோருக்கும் காட்டு, ஆனால் வெளியே விடாதே. டேட்டா ரூமைச் சுற்றி நடக்கும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில்தான் நடக்கின்றன.

‘எல்லோருக்கும்’ என்று கோட்பாடு சொன்னாலும், நடைமுறையில் எல்லோருக்கும் எல்லாமும் திறப்பதில்லை. பிணையம் பெற்ற வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீட்டு அறிக்கை தேவை. பிணையம் இல்லாதவர்களுக்கும் அது தேவைதான், ஏனெனில் சொத்தின் மதிப்பு முன்னுரிமை வரிசையில் எந்த அடுக்குக் கடனோடு தீர்ந்துபோகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர்களுடைய பேரம் பேசும் பலம் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தை வாங்க விண்ணப்பிப்பவருக்குக் கலைப்பு மதிப்பு (நிறுவனத்தை மூடிச் சொத்துகளை விற்றால் கிடைக்கும் தொகை) தெரிந்துவிட்டால், அதற்குச் சற்று மேலே ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். எனவே ஒரே அறிக்கை ஒரு குழுவுக்கு அவசியமானதாகவும் இன்னொரு குழுவுக்கு முற்றிலும் மூடப்பட வேண்டியதாகவும் இருக்கிறது. புதிய கடன் தர முன்வருபவருக்கு நிறுவனத்தின் கைப்பணம் எத்தனை வாரம் தாங்கும் என்பது தெரிய வேண்டும்; அதே தகவல் சப்ளையர்கள் காதுக்கு எட்டினால் மறுநாளே முன்பணம் கேட்பார்கள், அப்போது அந்த வாரங்களும் சுருங்கிவிடும். இங்கே ரகசியம் உடைவது நிறுவனத்தின் ஆயுளையே குறைக்கிறது.

குழுக்களைப் பிரிப்பதில் எனக்குப் பழகிப்போன ஒரு கண்டிப்பு உண்டு: அனுமதியை ஆளுக்கு ஆள் கொடுக்கக் கூடாது, குழுவுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வங்கியின் பிரதிநிதிக்கு அவசரமாக ஒரு கோப்பு வேண்டும் என்று கேட்டு, அவருக்கு மட்டும் தனியாக அதைத் திறந்துவிட்டால், அந்த விதிவிலக்கு இரண்டு மாதங்களுக்குப் பிறகு யாருக்கும் நினைவில் இருக்காது. அவர் கடன் பிரிவிலிருந்து, பத்திரங்களை வாங்கி விற்கும் வர்த்தகப் பிரிவுக்கு மாறிப் போயிருந்தாலும் அந்தக் கதவு திறந்தே இருக்கும். கோப்புறைகளில் அனுமதி மேலிருந்து கீழே வழிந்து இறங்கும் என்பதும் இதே போன்ற பொறி. மேல் கோப்புறை ஒரு குழுவுக்குத் திறந்திருந்தால், அதற்குள் நள்ளிரவில் யாரோ உருவாக்கும் புதிய உட்கோப்புறையும் தானாகவே அந்தக் குழுவுக்குத் திறந்துவிடும். நல்ல சேவைகளில், குறிப்பிட்ட பயனர் கண்ணுக்கு அறை எப்படித் தெரிகிறது என்று நிர்வாகி பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு பதிவேற்றத்துக்குப் பிறகும், வெளியிடுவதற்கு முன்னால், ஒவ்வொரு குழுவின் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுவது சலிப்பான வேலைதான்; அதற்கு மாற்று இல்லை.

கோப்பைத் திறக்க முடியாவிட்டாலும் அதன் பெயர் தெரிந்தால் போதும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சில அமைப்புகளில் அனுமதி இல்லாத கோப்புறைகள் சாம்பல் நிறத்தில் பட்டியலில் நின்றுகொண்டிருக்கும். ‘ஏலதாரர் ஒப்பீடு – இரண்டாம் சுற்று’ என்ற தலைப்பு மட்டும் ஒரு பத்திரதாரர் கண்ணில் பட்டால், நிறுவனத்தை விற்கும் முயற்சி நடப்பதும், அது இரண்டாம் சுற்றை எட்டியிருப்பதும், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் போட்டியில் இருப்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகின்றன. புதிய கோப்பு ஏறியதும் தானாகப் போகும் மின்னஞ்சல் அறிவிப்புகளும் அப்படித்தான். கோப்புகளுக்குத் திட்டப் புனைபெயரும் எண்ணும் மட்டும் கொடுத்து, அறிவிப்புகளை அணைத்துவிட்டு, வாரத்தில் குறித்த ஒரு நாளில் ஒரே மடலாக அனுப்புவது பழைய பாணியாகத் தோன்றலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி ஒரே ஒரு கோப்பைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். மறுசீரமைப்பில் அதிகம் படிக்கப்படும் ஆவணம் பதின்மூன்று வாரப் பணப்புழக்கக் கணிப்பு. ஒரு காலாண்டுக்கு வாரவாரியாக எவ்வளவு பணம் வரும், எவ்வளவு போகும், எந்த வாரத்தில் கையிருப்பு தரையைத் தொடும் என்று காட்டும் எக்ஸெல் கோப்பு அது. கடன் கொடுத்தவர்களின் ஆலோசகர்கள் பிடிஎஃப் வடிவில் அதை ஏற்க மாட்டார்கள். சூத்திரங்களோடு உயிருள்ள கோப்பாகக் கேட்பார்கள், அது நியாயமும்கூட, ஏனென்றால் அனுமானங்களை மாற்றிப் பார்க்காமல் கணிப்பை மதிப்பிட முடியாது. ஆனால் அந்தக் கோப்பு நிதித்துறையின் மேசையிலிருந்து வருகிறது. அதில் மறைக்கப்பட்ட தாள்கள் இருக்கும். ஒரு தாளில் ஒவ்வொரு சப்ளையருக்கும் எத்தனை நாள் தாமதப்படுத்தலாம் என்ற உள் பட்டியல் இருக்கும். கட்டங்களின் ஓரத்தில் ‘இதை வங்கியிடம் சொல்ல வேண்டாம்’ என்று யாரோ எழுதிய குறிப்பு இருக்கும். வேறு கோப்புகளுக்கான இணைப்புகளில் உள் சர்வரின் முகவரிகள் இருக்கும். தரவைச் சுருக்கிக் காட்டும் பைவட் அட்டவணையின் பின்னால் முழு மூலத் தரவும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தாளை மறைப்பது என்பது திரையிலிருந்து அகற்றுவது மட்டுமே, கோப்பிலிருந்து அகற்றுவது ஆகாது. எக்ஸெலிலேயே ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதி இருக்கிறது; அதை ஓட்டி, வெளிக்கோப்பு இணைப்புகளைத் துண்டித்து, பகிர வேண்டிய தாள்களை மட்டும் புதிய கோப்பில் எடுத்து, சூத்திரங்கள் இன்னும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகே அதைப் பதிவேற்றலாம்.

மறைத்த வரிசைகள் என்ன செய்யும் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் பாதுகாப்பு கோரிய சில நாட்களில், அதன் அமெரிக்கத் தொழிலின் பெரும்பகுதியை பிரிட்டிஷ் வங்கியான பார்க்லேஸ் வாங்க முன்வந்தது. எந்தெந்த ஒப்பந்தங்கள் வாங்கப்படுகின்றன என்ற பட்டியலை நள்ளிரவுக்குள் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில், ஓர் எக்ஸெல் கோப்பு பிடிஎஃப் ஆக மாற்றப்பட்டது. வேண்டாம் என்று குறிக்கப்பட்ட வரிசைகள் அழிக்கப்படாமல் மறைத்து மட்டுமே வைக்கப்பட்டிருந்தன. கோப்பை மறுவடிவமைத்தபோது அவை வெளியே வந்துவிட்டன. விளைவாக, வாங்க நினைக்காத 179 ஒப்பந்தங்கள் வாங்கியவற்றின் பட்டியலில் சேர்ந்துவிட, அவற்றை நீக்கித் தரும்படி பிறகு நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. பிடிஎஃப் கோப்பில் சொற்களின் மேல் கறுப்புப் பட்டை வரைந்துவிட்டு மறைத்துவிட்டதாக நினைப்பதும் இதே வகைதான். 2019 ஜனவரியில், டிரம்ப்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட் மீதான வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில், கறுப்பு அடித்த வரிகளை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியதுமே எல்லாச் சொற்களும் படிக்கக் கிடைத்தன. இரண்டு சம்பவங்களிலும் எந்தக் குறியாக்கத்தையும் யாரும் உடைக்கவில்லை.

கடன் பத்திரங்கள் சந்தையில் வாங்கி விற்கப்படுபவை என்பதால், டேட்டா ரூமுக்குள் நுழைவதே பத்திரதாரருக்கு ஒரு பெரிய முடிவு. விலையைப் பாதிக்கக்கூடிய, வெளியே தெரியாத தகவல் கைக்கு வந்த கணத்திலிருந்து அவர் வர்த்தகம் செய்ய முடியாது. செய்தால் உள்தகவல் வர்த்தகக் குற்றச்சாட்டு வரும். அதனால் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் நீண்ட நாள் ‘பொதுப் பக்கத்திலேயே’ நிற்கும். வெளியில் கிடைப்பதை மட்டும் படிக்கும். பேச்சுவார்த்தை கனியும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உள்ளே வரும். அந்த ஒப்பந்தத்தில் ஒரு முடிவு நாள் இருக்கும். அந்த நாள் வந்ததும், உடன்பாடு எட்டப்பட்டாலும் எட்டப்படாவிட்டாலும், பத்திரதாரர்களுக்குக் கொடுத்த முக்கியத் தகவலை நிறுவனம் பொதுவில் வெளியிட வேண்டும். அப்போதுதான் அவர்கள் மறுபடி வர்த்தகம் செய்ய முடியும். நிறுவனம் வெளியிடத் தவறினால் தாங்களே வெளியிடும் உரிமையைப் பல ஒப்பந்தங்கள் பத்திரதாரர்களுக்குக் கொடுக்கின்றன. அமெரிக்காவில் நிறுவனங்கள் சிலருக்கு மட்டும் தகவல் சொல்வதைக் கட்டுப்படுத்தும் 2000ஆம் ஆண்டின் ரெகுலேஷன் எஃப்டி, ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டவர்களுக்குத் தனியே தகவல் தர இடம் விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள சந்தை முறைகேட்டுத் தடுப்பு விதி, உள்தகவல் வைத்திருப்போரின் பட்டியலைக் கேட்கிறது. இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015 விதிகள், விலையைப் பாதிக்கும் தகவல் யாரிடம் பகிரப்பட்டது என்பதற்கு மாற்றியமைக்க முடியாத மின்னணுப் பதிவேடு வைக்கச் சொல்கின்றன.

டேட்டா ரூமின் பதிவேடு மதிப்புப் பெறுவது இங்கேதான். வெளியிட வேண்டிய நாள் நெருங்கும்போது, ‘இந்தக் குழுவுக்கு இதுவரை சரியாக எந்தெந்த ஆவணங்கள் திறந்திருந்தன?’ என்ற கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் டேட்டா ரூம் வழியாகவே போயிருந்தால் பட்டியலை எடுத்துவிடலாம். நடுவில் யாராவது ‘அவசரம்’ என்று ஒரு கணிப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால், அந்த ஒரு மடல் பட்டியலுக்கு வெளியே நிற்கும். அது வெளியிடப்படாமல் விடுபட்டால், அந்தப் பத்திரதாரர் தான் சுதந்திரமாகிவிட்டதாக நம்பி வர்த்தகம் செய்வார், உண்மையில் அவர் இன்னும் கட்டுண்டவராகவே இருப்பார். அதனால்தான் மின்னஞ்சல் இணைப்புகளை நான் இவ்வளவு பிடிவாதமாக மறுக்கிறேன், அனுப்பச் சொல்பவர் தலைமை நிதி அதிகாரியாக இருந்தாலும்.

நிறுவனத்தை வாங்க வருபவர்களிடமும் இந்தப் பதிவேட்டுக்கு வேலை இருக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 29ஆவது பிரிவு, தீர்வுத் திட்டம் (நொடித்த நிறுவனத்தை மீட்பதற்கான திட்டம்) கொடுக்க விரும்புபவருக்குத் தொடர்புடைய எல்லாத் தகவலும் கிடைக்க வேண்டும் என்கிறது; அதற்கு ஈடாக அவர் ரகசியம் காப்பதாகவும், உள்தகவல் வர்த்தகச் சட்டங்களைப் பின்பற்றுவதாகவும், நிறுவனத்தின் அறிவுசார் சொத்தைப் பாதுகாப்பதாகவும் உறுதி தர வேண்டும். அமெரிக்காவில் திவால் சட்டத்தின் 363ஆவது பிரிவின்கீழ் நடக்கும் சொத்து விற்பனையில், முதல் ஏலதாரர் ஒரு அடிப்படை விலையை நிர்ணயித்த பிறகு மற்றவர்கள் போட்டிக்கு வருகிறார்கள். எந்த நாட்டுச் சட்டமானாலும், தோற்றவர் பிறகு எழுப்பக்கூடிய புகார் ஒன்றுதான்: வென்றவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கோப்பு எந்த நிமிடத்தில் எந்தெந்த ஏலதாரருக்குத் திறந்தது என்று காட்ட முடிந்தால் அந்தப் புகார் அங்கேயே நிற்கும்.

நொடித்துப்போன நிறுவனத்தை வாங்க வருபவர் பெரும்பாலும் அதே துறையின் போட்டியாளராக இருப்பது இன்னொரு சிக்கல். வாடிக்கையாளர்வாரி விலைப் பட்டியலை அவருக்குக் காட்டினால், வாங்காமல் போனாலும் அவருக்கு லாபம்தான். போட்டிச் சட்டப் பிரச்சினையும் சேர்ந்து வரும். இதற்காகத்தான் வெளி ஆலோசகர்களும் அன்றாட விற்பனையில் தொடர்பில்லாதவர்களும் மட்டும் அடங்கிய தனிக் குழுவை அமைத்து, அவர்களுக்கு மட்டும் அந்த ஆவணங்களைத் திறக்கிறார்கள். அவர்கள் தங்கள் நிறுவனத்துக்கு மொத்த முடிவுகளை மட்டும் சொல்லலாம். ஆனால் மென்பொருளால் இதில் பாதியைத்தான் உறுதிசெய்ய முடியும். அந்தக் குழுவில் இருப்பவர் அடுத்த ஆண்டு விலை நிர்ணயப் பிரிவுக்கு மாற்றப்படாமல் இருப்பதை ஒப்பந்தம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழக்கறிஞரின் கருத்துரைகளைப் பொறுத்தவரை, எதிர்த்தரப்பு பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டால் அவற்றுக்குரிய சட்டப் பாதுகாப்பையே இழக்க நேரிடலாம் என்பதால், அவை அறைக்குள் வரவே கூடாது என்பது பாதுகாப்பான விதி. ஊழியர் பட்டியல்களில் பெயர்களை நீக்கிவிட்டுப் பதவி, ஊதியம், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றை மட்டும் வைத்தால் ஓய்வூதியச் சுமையையும் பணிநீக்க இழப்பீட்டையும் கணக்கிடப் பெரும்பாலும் போதும்.

பதிவேட்டுக்கு அதிகம் பேசப்படாத மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது, அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், அதில் எவ்வளவு நேரம் நின்றார்கள், எதை மறுபடி மறுபடி திறந்தார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. நிறுவன விற்பனையில், வாங்குபவரின் ஆர்வத்தை அளக்க விற்பவரின் ஆலோசகர்கள் இதைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறார்கள். மறுசீரமைப்பில் நிறுவனமும் கடன் கொடுத்தவரும் நாளையே நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கக்கூடியவர்கள். ஒரு பத்திரதாரர் குழுவின் வழக்கறிஞர் வார இறுதி முழுவதும் ஒரு குறிப்பிட்ட துணை நிறுவனத்தின் உத்தரவாத ஒப்பந்தத்தையே படித்துக்கொண்டிருந்தார் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தால், அவர் எந்த ஓட்டையைத் தேடுகிறார் என்பது அவர் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். எதிரியின் சட்ட உத்தியை அவர் விரல் அசைவிலிருந்து படிக்கும் வேலை இது. சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தாலும் முறையானது என்று என்னால் ஏற்க முடியவில்லை. விவரமறிந்த வழக்கறிஞர்கள் உள்ளே வந்த முதல் நாளே மொத்தக் கோப்புகளையும் பதிவிறக்கம் செய்துகொண்டு, தங்கள் கணினியில் வைத்துப் படிக்கிறார்கள்; பதிவிறக்கம் மறுக்கப்பட்டால் எல்லாக் கோப்புகளையும் வரிசையாகத் திறந்து மூடித் தடத்தைக் குழப்புகிறார்கள். இந்தக் கண்ணாமூச்சியைத் தவிர்க்க எளிய வழி, தொடக்கத்திலேயே எழுத்தில் ஒப்புக்கொள்வது: திறந்து வைத்ததற்கான பதிவு எல்லாத் தரப்புக்கும் பொதுவானது, படித்ததற்கான பதிவைத் தகவல் கசிவு பற்றிய விசாரணையைத் தவிர வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, எடுக்கும் அதிகாரமும் நிறுவனத்திடம் இல்லாமல் சேவையை நடத்துபவரிடமோ பொதுவான நடுநிலையாளரிடமோ இருக்க வேண்டும். இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று கடன் கொடுத்தவர்களின் ஆலோசகர்களுக்கே பல சமயம் தோன்றுவதில்லை.

தொழில்நுட்பப் பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தேக்கி வைத்த கோப்புகளுக்கு ஏஇஎஸ் 256 குறியாக்கம், இணையத்தில் பயணிக்கும்போது டிஎல்எஸ் குறியாக்கம், இரண்டு அடுக்கு உள்நுழைவு, தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ், சேவை நிறுவனத்தின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் பற்றிய எஸ்ஓசி 2 தணிக்கை அறிக்கை ஆகியவை தரமான சேவைகள் எல்லாவற்றிலும் கிடைக்கும். இவை இல்லாத ஒன்றைப் பரிசீலிக்கவே வேண்டாம். தரவு எந்த நாட்டு சர்வரில் தங்குகிறது என்பதைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பார்ப்பவரின் பெயரும் நேரமும் குறுக்கே ஓடும் வாட்டர்மார்க் பயனுள்ளது, ஆனால் அது தடுப்பதில்லை, அச்சுறுத்துகிறது. திரையைக் கைபேசியில் படம் பிடிப்பவரை எந்த மென்பொருளாலும் நிறுத்த முடியாது. படம் வெளியே வந்தால் அதில் அவருடைய பெயரும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். இப்போது புதிதாக வந்திருக்கும் கவலை, பதிவிறக்கிய ஆவணங்களைச் சுருக்கித் தரும்படி பொதுவான செயற்கை நுண்ணறிவுச் சேவைகளில் ஏற்றுவது. பழைய ரகசியக் காப்பு ஒப்பந்தங்களில் ‘மூன்றாம் தரப்பு’ என்று எழுதியபோது யாரும் இதை நினைத்திருக்க மாட்டார்கள். புதிதாக எழுதும்போது இதற்கென்று தனி வரி வேண்டும்.

கேள்வி பதில் பகுதியையும் டேட்டா ரூமுக்குள்ளேயே நடத்த வேண்டும். ஒரு தரப்பு கேட்ட கேள்வியை, கேட்டவர் யார் என்று தெரியாமல், பதிலோடு மற்ற தரப்புகளுக்கும் திறக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டியிருக்கும். எண்களைப் பற்றிய கேள்வி என்றால் எல்லோருக்கும் திறக்கலாம். கேட்டவரின் திட்டம் கேள்வியிலேயே தெரிகிறது என்றால் அவருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, பதிலில் புதிய தகவல் எதுவும் இருந்தால் அந்தத் தகவலைத் தனி ஆவணமாக எல்லோருக்கும் வைக்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன பதில்கள்தான் பிற்பாடு தலைவலியாகும் பதில்கள்.

நிறுவனம் நொடித்திருக்கிறது என்பதை டேட்டா ரூமை அமைக்கும்போதே மறந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். சேவையை நடத்துபவரும் பில் அனுப்பும் ஒரு சப்ளையர்தான். மற்றவர்களோடு சேர்ந்து அவருக்கும் பாக்கி விழலாம், பேச்சுவார்த்தையின் உச்சத்தில் கணக்கு முடக்கப்படலாம். கட்டணம் பக்கக் கணக்கில் இருந்தால், ஸ்கேன் செய்த பழைய அடமானப் பத்திரங்கள் சேரச் சேரத் தொகை யாரும் எதிர்பாராத உயரத்துக்குப் போகும். முழுக் காலத்துக்கும் முன்பணமாகக் கட்டுவதோ, கடன் கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்ட செலவுப் பட்டியலில் அதைச் சேர்ப்பதோ நல்லது. நிர்வாகி உரிமை ஒரே ஒரு நிதி மேலாளரிடம் இருந்து, அவர் அந்த மாதமே ராஜினாமா செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முன்பே யோசித்துவிட வேண்டும். நிறுவனத்தில் ஒருவர், ஆலோசகர் தரப்பில் ஒருவர் என்று குறைந்தது இருவரிடமாவது சாவி இருக்க வேண்டும். பணிநீக்கப் பட்டியல் தயாராகும் நாளிலேயே அதில் உள்ளவர்களின் அனுமதியை நீக்கும் பட்டியலும் தயாராக வேண்டும், இல்லாவிட்டால் தன் பெயரைத் தானே அறைக்குள் படித்துத் தெரிந்துகொள்ளும் ஊழியர் இருப்பார்.

மறுசீரமைப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அறையை மூடும் வேலையில் யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை. ஆனால் சிலருக்கு மட்டும் முன்னுரிமை காட்டிச் செய்த பணப் பட்டுவாடாக்கள், குறைந்த மதிப்புக்கு மாற்றிய சொத்துகள் ஆகியவை பற்றிய வழக்குகள் சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். அப்போது கேட்கப்படுவது இந்த அறையும் இதன் பதிவேடும்தான். எனவே மூடும் நாளில் இருந்த நிலையில் எல்லாக் கோப்புகளையும், அவற்றின் பழைய பதிப்புகளையும், அனுமதி வரலாற்றையும், கேள்வி பதில்களையும் சேர்த்துக் குறியாக்கம் செய்த வட்டில் எடுத்து, நிறுவனத்தின் வழக்கறிஞரிடமும் கடன் கொடுத்தவர்களின் வழக்கறிஞரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட்டு, சேவையை நடத்துபவரின் சர்வரில் இருந்தவை அழிக்கப்பட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். தோற்ற ஏலதாரர்கள் பதிவிறக்கியவற்றை அழித்ததாக எழுதித் தர வேண்டும். அவர்களுடைய சட்டப் பிரிவு ஒரு பிரதியை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் அனுமதித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வட்டின் கடவுச்சொல் தனி வழியில் போக வேண்டும். அந்த வட்டை வேறொரு கணினியில் போட்டு, பதிவேடு உட்பட எல்லாமே திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அறையின் சந்தாவை நிறுத்தச் சொல்லலாம்.